30 பேருக்கு ஒரே ஜூபிட்டர்ஹப்: கன்டெய்னர் நின்றால் கோப்பு போகிறது, ஹப் நின்றால் எல்லோரும் விழுகிறார்கள்

கூடுகட்டி கேட்டது:

ஒரே சர்வர். 16 கோர், 64 ஜிபி ராம், உபுண்டு. டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து ஓட்டும் கருவி) ஜூபிட்டர்ஹப் 5 (பல பேருக்கு உலாவி வழியே நோட்புக் தரும் சேவை) ஓடுகிறது. டாக்கர்ஸ்பானர் (ஹப்புக்காகக் கன்டெய்னரைத் தொடங்கும் பகுதி) வழியாக ஆளுக்கொரு கன்டெய்னர் (தனித்து ஓடும் சூழல்). மொத்தம் 30 பயனர்கள், ஒரே நேரத்தில் 12 முதல் 15 பேர் உள்ளே இருப்பார்கள். முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு), ஜூபிட்டர் திட்டம் வெளியிடும் சைபை-நோட்புக், டேக் (பதிப்புக் குறி) லேட்டஸ்ட்.

இப்போது உள்ள தொல்லைகள்: புது இமேஜ் மாற்றிய அன்று முதலில் நுழைபவருக்கு ஸ்பான் ஃபெயில்ட் என்று வருகிறது, மறுபடி முயன்றால் சரியாகிவிடுகிறது. கன்டெய்னர் நின்று எழும்போது சில கோப்புகள் இருக்கின்றன, சில காணாமல் போகின்றன; பிப்பில் போட்ட பேக்கேஜ் யாருக்கும் தங்குவதில்லை. ஒருவர் பெரிய சிஎஸ்வியைப் பாண்டாஸில் திறந்தால் மொத்த சர்வரும் உறைந்து, எஸ்எஸ்எச் கூட நுழையாது. ஹப் கான்ஃபிக்கில் ஒரு வரி மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருடைய கெர்னலும் (நோட்புக்கின் கணக்கை ஓட்டும் செயல்முறை) அணைகிறது. நோட்புக்கில் படங்கள் அதிகமானால் சேவ் ஆகமாட்டேன் என்கிறது.

கான்ஃபிக்கில் இருப்பவை: இமேஜ், நெட்வொர்க் பெயர், பயனர் பெயரோடு கூடிய ஒரு வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே தங்கும் சேமிப்பிடம், /ஹோம்/ஜோவியன்/வொர்க் மேல் ஏற்றியது), ரிமூவ் ட்ரூ. மற்றதெல்லாம் இயல்பாக வந்தபடியே. குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) பக்கம் போகாமல் இதே சர்வரில் சரிசெய்ய முடியுமா?

---

அடிக்கோடு எழுதியது:

முடியும். 30 பேருக்கு, ஒரே சர்வருக்கு, குபர்நெட்டிஸ் தேவையே இல்லை. செட்டிங் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். கான்ஃபிக்கில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்பான் ஃபெயில்ட். ஸ்பானரின் ஸ்டார்ட் டைம்அவுட் இயல்பாக 60 நொடி. இமேஜ் சர்வரில் இல்லையென்றால் அந்த 60 நொடிக்குள்தான் அதை இறக்கவும் வேண்டும். சைபை-நோட்புக் சில ஜிபி இருக்கும். இறங்கி முடியாது, ஹப் கைவிட்டுவிடும். ஆனால் டாக்கர் பின்னணியில் இறக்கிய அடுக்குகள் அப்படியே இருப்பதால் அடுத்த முயற்சி ஓடிவிடுகிறது. டைம்அவுட்டை 300 ஆக்குவது மருந்தில்லை. கான்ஃபிக்கில் இமேஜ் பெயரை மாற்றும் முன்பே சர்வரில் டாக்கர் புல் செய்துவிடுங்கள். புல் ஆன பிறகும் தோற்றால் அது வேறு நோய்: கன்டெய்னர் எழுந்துவிட்டது, ஆனால் ஹப்போடு பேச முடியவில்லை. அதற்கு ஹெச்டிடிபி டைம்அவுட் என்று தனியாக 30 நொடி இருக்கிறது. லாகில் எந்த டைம்அவுட் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஹப்போடு பேசமுடியாததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஹப் ஐபியை 0.0.0.0 என்று வைக்காமல் விட்டால் ஹப் தன் கன்டெய்னருக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும். 8081 போர்ட்டை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. ஹப் கனெக்ட் ஐபியில் ஹப் கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள். இன்னொன்று நெட்வொர்க் பெயர். கம்போஸ் கோப்பில் நீங்கள் வைத்த நெட்வொர்க் பெயருக்கு முன்னால் கம்போஸ் தன் புராஜெக்ட் பெயரை ஒட்டவைக்கும். டாக்கர்ஸ்பானருக்கு அந்த ஒட்டு தெரியாது. கம்போஸில் அந்த நெட்வொர்க்குக்கு நேம் என்ற வரியைச் சேர்த்துப் பெயரை நிலையாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

லேட்டஸ்ட் டேக்கை இன்றே எடுத்துவிடுங்கள். டாக்கர்ஸ்பானரின் புல் பாலிசி, இமேஜ் இல்லாவிட்டால் மட்டும் இறக்கு என்பதுதான். ஆக லேட்டஸ்ட் என்றாலும் அது என்றோ ஒருநாள் இறக்கிய லேட்டஸ்ட். வேறு சர்வரில் நிறுவினால் வேறொரு லேட்டஸ்ட் வரும். தேதியிட்ட டேக் போடுங்கள். இன்னொன்று, இந்த இமேஜுகள் 2023 அக்டோபரிலிருந்து குவே தளத்தில்தான் வெளியாகின்றன. பழைய டாக்கர் ஹப் முகவரியிலிருந்து எடுத்தால் அங்கே நின்றுபோன பழைய இமேஜ்தான் கிடைக்கும், எந்தப் பிழையும் காட்டாமல்.

இமேஜுக்குள் இருக்கும் ஜூபிட்டர்ஹப் பேக்கேஜும் ஹப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். ஹப் 5, உள்ளே 3 என்று இருந்தால் லாகில் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையோடு லாகின் பக்கமும் நோட்புக் பக்கமும் மாறிமாறி ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கக் கூடும். சும்மா பைத்தான் இமேஜிலிருந்து சொந்தமாகக் கட்டினால் அந்தப் பேக்கேஜே இருக்காது. ஜூபிட்டர்ஹப்-சிங்கிள்யூசர் கிடைக்கவில்லை என்று கன்டெய்னர் எழுந்தவுடன் விழும்.

கோப்பு விஷயம். உங்கள் வால்யூம் வொர்க் அடைவின் மேல் மட்டும் இருக்கிறது. ரிமூவ் ட்ரூ என்பதால் கன்டெய்னர் நின்றதும் அழிக்கப்படுகிறது. வொர்க்குக்கு வெளியே, அதாவது /ஹோம்/ஜோவியனில் நேரடியாகச் சேமித்தவை அதோடு போகின்றன. ஜூபிட்டர்லேப் திறக்கும் இடம் ஹோம் அடைவு என்பதால் பாதிப் பேர் அங்கேயே புது நோட்புக் போடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நோட்புக் டிர் என்ற செட்டிங்கில் /ஹோம்/ஜோவியன்/வொர்க் என்று கொடுங்கள். உலாவியில் அதற்கு மேலே ஏறவே முடியாது. டெர்மினலில் ஏறலாம், அது அவர்கள் பொறுப்பு.

ரிமூவை ஃபால்ஸ் ஆக்கினால் கோப்பு தங்குமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஃபால்ஸில் நின்ற கன்டெய்னரையே டாக்கர்ஸ்பானர் மறுபடி எழுப்பும். நீங்கள் புது இமேஜ், புது ராம் எல்லை, புது வால்யூம் என்று எதைக் கான்ஃபிக்கில் மாற்றினாலும் பழைய கன்டெய்னர் பழைய அமைப்போடேயே எழும். மாற்றியது ஏன் வேலை செய்யவில்லை என்று ஒருநாள் முழுக்கத் தேட வைக்கும் செட்டிங் அது.

---

சாக்கெட் எழுதியது:

அடிக்கோடு சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. வொர்க் மட்டும் போதாது, முழு ஹோமையும் வால்யூமில் வைக்க வேண்டும் என்பேன். எஸ்எஸ்எச் சாவி, கிட் கான்ஃபிக், ஜூபிட்டர்லேப் அமைப்புகள் எல்லாம் ஹோமில் புள்ளியில் தொடங்கும் அடைவுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் கொடுக்க யாருக்குப் பொறுமை?

பெயரிட்ட வால்யூமை முதல்முறை ஏற்றும்போது அது காலியாக இருந்தால், இமேஜில் அந்த இடத்தில் உள்ளதை டாக்கர் வால்யூமுக்குள் நகலெடுக்கும், உரிமையாளர் உட்பட. அதனால் ஹோம் உடையாது. ஆனால் முதல்முறை மட்டும்தான். பிறகு இமேஜின் ஹோமில் நீங்கள் வைக்கும் புதுக் கோப்பு எதுவும் பழைய பயனருக்குப் போய்ச் சேராது. எல்லோருக்கும் போக வேண்டியதை ஹோமில் வைக்காமல் /ஆப்ட் அல்லது /எட்சி அடியில் வையுங்கள்.

ஹோஸ்ட் அடைவை நேரடியாக ஏற்றினால் கதை வேறு. நகலெடுப்பு கிடையாது. அந்த அடைவு இல்லையென்றால் டாக்கரே உருவாக்கும், ரூட் பெயரில். உள்ளே இருப்பவர் ஜோவியன் என்ற இயல்புப் பயனர், பயனர் எண் 1000, குழு எண் 100. பர்மிஷன் டினைட் என்று வரும். முன்கூட்டியே உருவாக்கி 1000:100 என்று உரிமையாளரை மாற்றிவிடுங்கள். பயனர்கள் வந்துபோகும் இடமென்றால் ப்ரீ ஸ்பான் ஹூக்கில் (கன்டெய்னர் தொடங்கும் முன் ஓடும் நிரல்) அந்த வேலையைச் செய்யலாம். அந்த ஹூக் ஓடுவது ஹப் கன்டெய்னருக்குள் என்பதால் ஹோஸ்ட் அடைவு அங்கேயும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

பிப் தங்காததற்குக் காரணம்: இந்த இமேஜுகளில் கோண்டா (பைத்தானும் அதன் பேக்கேஜுகளும்) /ஆப்ட்/கோண்டாவில் இருக்கிறது, ஜோவியனுக்கு அதில் எழுத உரிமையும் உண்டு. எனவே பிப் இன்ஸ்டால் தடையில்லாமல் அங்கே எழுதும், கன்டெய்னரோடு போகும். பிழைச்செய்தி எதுவும் வராததுதான் வினை. பிப்புக்கு --யூசர் கொடுத்தால் ஹோமுக்குள் .லோக்கல் அடைவில் போகும், ஹோம் வால்யூமில் இருந்தால் தங்கும். தங்குவதில் வேறொரு வில்லங்கம்: .லோக்கலில் உள்ளது இமேஜில் உள்ளதை முந்திக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து நீங்கள் நம்பையைப் புதுப்பித்த இமேஜ் கொடுப்பீர்கள், பயனருக்குப் பழைய நம்பையே இறக்குமதியாகி, புதியதை நம்பிக் கட்டிய பாண்டாஸ் வெடிக்கும். அவரோ சர்வர் உடைந்துவிட்டது என்று உங்களுக்கு எழுதுவார். பொதுவாகத் தேவைப்படுவதை இமேஜில் சேருங்கள். தனிப்பட்டதை ஹோமில் ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) போட்டு, அதற்குள் ஐபைகெர்னலை நிறுவி, அதைத் தனிக் கெர்னலாகப் பதியச் சொல்லுங்கள். இப்படி யாராவது மாட்டிக்கொண்டால் சோதிக்க, பைத்தான்நோயூசர்சைட் என்ற சூழல் மாறியை 1 ஆக்கிப் பாருங்கள். அதில் சரியானால் குற்றவாளி .லோக்கல்தான்.

கடைசியாக, இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ரிமூவ் ட்ரூ இருக்கும்போது, உள்ளே இல்லாத பயனரின் வால்யூம் எந்தக் கன்டெய்னரோடும் ஒட்டாமல் நிற்கிறது. டாக்கரின் பார்வையில் அது பயன்படாத வால்யூம். டாக்கர் 23க்கு முந்தைய பதிப்புகளில் டாக்கர் வால்யூம் புரூன் அதையும் சேர்த்து அழிக்கும். 23 முதல் பெயரில்லாத வால்யூம்களை மட்டும் அழிக்கிறது, ஆனால் --ஆல் போட்டால் பழைய கதைதான். டிஸ்க் நிரம்பி, இரவில் அவசரமாகச் சுத்தம் செய்யும்போது விழும் கட்டளை இது. இமேஜுக்கு இமேஜ் புரூன், கன்டெய்னருக்குக் கன்டெய்னர் புரூன். வால்யூம் என்ற சொல் வரும் புரூன் எதையும் இந்தச் சர்வரில் தட்டச்சு செய்வதில்லை என்று முடிவெடுத்துவிடுங்கள். பேக்கப் எளிது: தற்காலிகக் கன்டெய்னர் ஒன்றில் பயனர் வால்யூமை ரீட்-ஒன்லியாகவும் பேக்கப் அடைவை எழுதக்கூடியதாகவும் ஏற்றி, டார் போட்டு வெளியேறுங்கள். கிரானில் தினமும்.

---

மூன்றாம்கோர் எழுதியது:

ராம் பக்கம் நான் வருகிறேன்.

எல்லை வைக்காத கன்டெய்னருக்கு ஹோஸ்ட்டின் 64 ஜிபியும் சொந்தம். ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கைப் பயன்படுத்துவது) இருந்தால் சர்வர் உறைவது ஸ்வாப்பில் அரைபடுவதால்தான். எஸ்எஸ்எச் நுழையாததும் அதனால்தான். மெம் லிமிட் 6ஜி என்று வையுங்கள். 15 பேருக்கு 90 ஜிபி ஆகிறதே என்று பயப்பட வேண்டாம். இது ஒதுக்கீடு இல்லை, உச்சவரம்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சியைத் தொடுவது அரிது. ஹப்புக்கும் இயங்குதளத்துக்கும் 4 ஜிபியாவது விட்டுவைத்து, ஒரு வாரம் டாக்கர் ஸ்டாட்ஸைப் பார்த்து எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

இதில் பலர் தவறவிடுவது: மெமரி எல்லை மட்டும் கொடுத்து மெம்ஸ்வாப் எல்லை கொடுக்காவிட்டால், ஹோஸ்ட்டில் ஸ்வாப் இருக்கும்பட்சத்தில் அதே அளவு ஸ்வாப்பையும் டாக்கர் அனுமதிக்கும். 6 ஜிபி என்று நினைத்தது உண்மையில் 12. உறைவு குறையும், தீராது. எக்ஸ்ட்ரா ஹோஸ்ட் கான்ஃபிக்கில் மெம்ஸ்வாப் லிமிட்டையும் அதே 6ஜி ஆக்குங்கள். அப்போது ஸ்வாப் பூஜ்ஜியம்.

எல்லையை மீறினால் லினக்ஸ் அந்தக் கன்டெய்னருக்குள் பெரிய செயல்முறையைக் கொல்லும், அது பெரும்பாலும் பைத்தான் கெர்னல். நோட்புக் சர்வர் பிழைத்துக்கொள்ளும். பயனருக்குத் தெரிவது கெர்னல் இறந்தது, மறுபடி தொடங்குகிறது என்ற செய்தி மட்டும். காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஹோஸ்ட்டில் டிமெசேஜில் மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி என்ற வரியைத் தேடுங்கள். பயனரே பார்த்துக்கொள்ள, இமேஜில் ஜூபிட்டர்-ரிசோர்ஸ்-யூசேஜ் சேருங்கள். ஸ்பானர் எல்லையை மெம் லிமிட் என்ற சூழல் மாறியாக உள்ளே அனுப்புகிறது, அந்த எக்ஸ்டென்ஷன் அதைப் படித்து எவ்வளவில் எவ்வளவு என்று திரையில் காட்டும். இதைப் போட்டால் உங்களுக்கு வரும் கேள்விகள் பாதியாகும்.

சிபியுவுக்கு நான் எல்லை வைப்பதை ஆதரிக்கமாட்டேன். ராம் தீர்ந்தால் ஒருவருடைய கெர்னல் சாக வேண்டும்; சிபியு தீர்ந்தால் எல்லோரும் மெதுவாவார்கள், அவ்வளவுதான். டாக்கரில் எல்லாக் கன்டெய்னருக்கும் சம பங்கு இயல்பாகவே உண்டு, நெரிசலின்போது அதுவே நியாயமாகப் பிரித்துக்கொடுக்கும். இரவு 2 மணிக்குத் தனியாக இருப்பவர் 16 கோரையும் எடுத்துக்கொள்ளட்டுமே.

அப்படியும் எல்லை வேண்டும் என்றால் இழைகளின் (த்ரெட்) எண்ணிக்கையையும் சேர்த்துக் கட்டுங்கள். சிபியு லிமிட் 2 என்றால் ஒவ்வொரு 100 மில்லி நொடிக்கும் 200 மில்லி நொடி சிபியு நேரம் கிடைக்கும். ஆனால் உள்ளே பைத்தான் எண்ணிப் பார்த்தால் 16 கோர் என்றே சொல்லும், ஏனென்றால் அந்த எல்லை கோர்களை மறைப்பதில்லை. ஓபன்பிளாஸ் (நம்பை பயன்படுத்தும் கணக்கு நூலகம்) 16 இழை தொடங்கும். 16 இழையும் ஒன்றாக ஓடினால் 200 மில்லி நொடி 12.5 மில்லி நொடியில் தீர்ந்து, மீதி 87.5 மில்லி நொடி மொத்தக் கன்டெய்னரும் நிற்கும். விட்டுவிட்டு ஓடும் இந்த நடை, 2 இழையோடு சீராக ஓடுவதைவிட மோசம். ஓஎம்பி, ஓபன்பிளாஸ், எம்கேஎல் மூன்றின் நம் த்ரெட்ஸ் மாறிகளையும் 2 ஆக்குங்கள். மல்டிபிராசசிங் பூலுக்கு எண் கொடுக்காமல் விட்டாலும் இதே கோளாறு. 16 செயல்முறை, ஒவ்வொன்றும் தரவின் பிரதியோடு, 6 ஜிபி எங்கே போனது என்று தெரியாது.

டீப் லேர்னிங் செய்பவர்கள் இருந்தால் /டெவ்/எஸ்ஹெச்எம் (செயல்முறைகள் பகிரும் நினைவகம்) டாக்கரில் 64 எம்பி மட்டுமே. பைடார்ச்சின் டேட்டாலோடரில் வொர்க்கர் எண்ணிக்கையைக் கூட்டியதும் பஸ் எரர் என்று சாகும். எஸ்ஹெச்எம் சைஸ் 1ஜி கொடுங்கள். அதில் எழுதுவதும் அந்த 6 ஜிபி கணக்கிலேயே சேரும். கூடவே பிட்ஸ் லிமிட் (செயல்முறை எண்ணிக்கை வரம்பு) 1024 வையுங்கள். முடிவில்லாமல் செயல்முறை பெருக்கும் செல் ஒன்று ஹோஸ்ட்டைச் சாய்க்காது.

---

கூடுகட்டி எழுதியது:

ராம் எல்லை, ஸ்வாப் எல்லை, நோட்புக் டிர் போட்டாயிற்று. உறைவு நின்றது. இரண்டு சந்தேகம். வேலையை முடித்துவிட்டு டேபை மூடிப் போகிறவர்களின் கெர்னல் நாள்கணக்கில் 5 ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கல்லர் (சும்மா கிடப்பவற்றை அணைக்கும் கருவி) போட்டால் இரவு முழுக்க ஓடும் கணக்கும் அடிபடுமா? ஹப் ரீஸ்டார்ட்டுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

மூன்றாம்கோர் எழுதியது:

கல்லரில் இரண்டு மட்டம் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று கன்டெய்னருக்குள், கெர்னலை மட்டும் அணைப்பது: மேப்பிங்கெர்னல்மேனேஜரின் கல் ஐடில் டைம்அவுட். இயல்பாக 0, அதாவது கிடையாது. 3600 வையுங்கள். கல் பிஸி ஃபால்ஸாகவே இருப்பதால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தொடாது. கல் கனெக்டடும் ஃபால்ஸ். டேப் திறந்தே கிடந்தால் சும்மா இருக்கும் கெர்னலும் தப்பிக்கும். மடிக்கணினியை மூடாமல் டேபைத் திறந்தே வைப்பவர்கள் அதிகம் என்றால் இதை ட்ரூ ஆக்க வேண்டிவரும். இந்த வரிகள் போக வேண்டியது ஹப் கான்ஃபிக்கில் அல்ல, இமேஜுக்குள் ஜூபிட்டர் சர்வர் கான்ஃபிக்கில்.

இன்னொன்று ஹப்பின் சர்வீஸாக ஓடும் ஜூபிட்டர்ஹப்-ஐடில்-கல்லர். இது கன்டெய்னரையே நிறுத்தும். எதுவும் கொடுக்காவிட்டால் 600 நொடி, நோட்புக் வேலைக்கு அது மிகக் குறைவு. 7200 ஆவது கொடுங்கள். ஹப் 2 முதல் இதற்கு ஒரு ரோல் வேண்டும்: பயனர் பட்டியல், பயனர் செயல்பாடு, சர்வர்களைப் படிப்பது, சர்வர்களை அழிப்பது என்ற நான்கு ஸ்கோப் (அனுமதி). இணையத்தில் கிடக்கும் பழைய உதாரணங்களில் அட்மின் ட்ரூ என்று இருக்கும், அதை எடுக்காதீர்கள்.

இரவு முழுக்க ஓடும் கணக்கு: இது கெர்னலின் பிஸி நிலையைவிடக் கடைசிச் செயல்பாட்டு நேரத்தை நம்புகிறது. எதையும் அச்சிடாமல் 5 மணி நேரம் ஓடும் ஒற்றைச் செல் அதன் கண்ணுக்குத் தூங்குவதுபோலத் தெரியலாம். நீண்ட வேலைகளில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள், இடைநிலை முடிவைக் கோப்பிலும் எழுதச் சொல்லுங்கள். டேப் மூடியிருக்கும்போது வந்த வெளியீடு நோட்புக்கில் சேராமலும் போகலாம், எனவே கோப்பில் எழுதுவது எப்படியும் நல்லது.

---

சாக்கெட் எழுதியது:

ஹப் ரீஸ்டார்ட். இயல்பாக ஹப் தன் பிள்ளையாகவே பிராக்ஸியை (வரும் கோரிக்கையை உரிய கன்டெய்னருக்கு அனுப்புவது) தொடங்குகிறது. நிற்கும்போது அதையும் கூட்டிக்கொண்டு போகிறது. கிளீன்அப் சர்வர்ஸ் என்ற செட்டிங் ட்ரூவாக இருப்பதால் போகிற போக்கில் பயனர் கன்டெய்னர்களையும் நிறுத்துகிறது. இரண்டையும் பிரிக்க வேண்டும்.

கம்போஸில் கான்ஃபிகரபிள்-ஹெச்டிடிபி-பிராக்ஸியைத் தனிச் சர்வீஸாகப் போடுங்கள். வெளிப்போர்ட் 8000, நிர்வாகப் போர்ட் 8001. நிர்வாகப் போர்ட் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும். தனிக் கன்டெய்னரில் ஹப்பால் அதை எட்ட முடியாது, எனவே ஏபிஐ-ஐபி 0.0.0.0 கொடுங்கள். 8001ஐ ஹோஸ்ட்டில் பப்ளிஷ் செய்யாதீர்கள். ஹப்பில் பிராக்ஸியின் ஷுட் ஸ்டார்ட் ஃபால்ஸ், ஏபிஐ யூஆர்எல்லில் பிராக்ஸி கன்டெய்னரின் பெயரோடு 8001, கிளீன்அப் சர்வர்ஸ் ஃபால்ஸ். கான்ஃபிக்பிராக்ஸி ஆத் டோக்கன் இரண்டு பக்கமும் ஒன்றே. அந்தப் பிராக்ஸி பயனர் கன்டெய்னர்கள் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இதை மறந்தால் ஹப் பக்கம் அழகாக வரும், நோட்புக் திறக்கையில் 503.

இனி ஹப் விழுந்து எழுந்தாலும் திறந்திருக்கும் நோட்புக்குகள் ஓடிக்கொண்டிருக்கும். ஹப் இல்லாத அந்தச் சில நொடியில் புதிதாக லாகின் செய்வதும் கன்டெய்னர் தொடங்குவதும்தான் நடக்காது. இதற்கெல்லாம் அடிப்படை, ஹப்புக்கு நினைவு இருக்க வேண்டும்: ஜூபிட்டர்ஹப்.எஸ்க்யூலைட் கோப்பும் குக்கீ சீக்ரெட் கோப்பும் ஒரு வால்யூமில் இருக்கட்டும். முதலாவது போனால் எந்தக் கன்டெய்னர் யாருடையது என்பதை ஹப் மறந்துவிடும், அவை அநாதையாக ராமைத் தின்னும். இரண்டாவது போனால் எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். குக்கீ சீக்ரெட்டுக்கு அனுமதி 600 வையுங்கள்; மற்ற எல்லோரும் படிக்கவோ எழுதவோ முடிந்தால் ஹப் எழவே மறுக்கும்.

பாதுகாப்புக்கு இரண்டு வரி. டாக்கர் சாக்கெட்டை ஹப்புக்குள் ஏற்றியிருப்பீர்கள். அது இருக்கும் கன்டெய்னர் ஹோஸ்ட்டின் ரூட்டுக்குச் சமம். ஆர்ஓ போட்டு ஏற்றினால் பத்திரம் என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். அது கோப்பை மாற்றுவதைத் தடுக்கும், சாக்கெட் வழியே கட்டளை அனுப்புவதைத் தடுக்காது. பயனர் கன்டெய்னருக்குள் அது ஒருநாளும் போகக் கூடாது, டாக்கருக்குள் டாக்கர் வேண்டும் என்று யார் கெஞ்சினாலும். அடுத்து, பயனர் கன்டெய்னர்கள் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் ஒன்றையொன்று எட்டும். 8888இல் உள்ள நோட்புக் சர்வர் ஹப்பிடம் கேட்டுத்தான் திறக்கும், கவலையில்லை. ஆனால் ஒருவர் கடவுச்சொல் இல்லாமல் 8501இல் ஸ்ட்ரீம்லிட் ஓட்டினால் மற்றவர் பார்க்கலாம். ஐசிசியை (கன்டெய்னர்களுக்கு இடையிலான தொடர்பு) அணைத்து இதைத் தடுக்கப் பார்த்தால் அதே பிரிட்ஜில் இருக்கும் ஹப்பும் பிராக்ஸியும் சேர்ந்து துண்டிக்கப்படும்.

---

அடிக்கோடு எழுதியது:

சேவ் ஆகாதது என்ஜின்எக்ஸ். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் இயல்பாக 1 எம்பி, படங்கள் நோட்புக் கோப்புக்குள்ளேயே பேஸ்64 ஆகச் சேர்வதால் சீக்கிரம் தாண்டிவிடும். உலாவியின் டெவலப்பர் பலகையில் 413 (அனுப்பியது மிகப் பெரிது) தெரியும். 100எம் ஆக்குங்கள். பேஸ்64 மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அங்கேயே இருக்கையில் வெப்சாக்கெட்டையும் பாருங்கள்: ஹெச்டிடிபி பதிப்பு 1.1, அப்கிரேட், கனெக்ஷன் ஹெடர்கள் போக வேண்டும், ஹோஸ்ட் ஹெடர் அசல் டொமைனோடு போக வேண்டும். முதல் இரண்டு இல்லையென்றால் பக்கம் முழுதாக வந்து கெர்னல் மட்டும் கனெக்டிங் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஹோஸ்ட் தவறினால் ஆரிஜின் பொருந்தவில்லை என்று ஜூபிட்டரே வெப்சாக்கெட்டை மறுக்கும். இரண்டும் பயனருக்கு ஒரே மாதிரி தெரியும், லாகில்தான் வித்தியாசம்.

டிஸ்க்கைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்கரின் லோக்கல் வால்யூமுக்கு இயல்பாக அளவு எல்லை கிடையாது. ஒருவர் 400 ஜிபி தரவு இறக்கினால் /வார்/லிப்/டாக்கர் நிரம்பும், ஹப்பின் எஸ்க்யூலைட்டால் எழுத முடியாது, அப்புறம் எல்லோருக்கும் சேர்த்து நிற்கும். குறைந்தபட்சம் பயனர் தரவைத் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள். உண்மையான கோட்டா வேண்டுமென்றால் அந்தப் பார்ட்டிஷன் எக்ஸ்எஃப்எஸ், மவுண்ட் செய்யும்போது பிஆர்ஜேகோட்டா, பயனருக்கு ஒரு புராஜெக்ட் எண், பிஹார்ட் 20ஜி. பெயரிட்ட வால்யூமுக்குப் பதில் அந்த அடைவை ஏற்றுங்கள். அப்போது சாக்கெட் சொன்ன 1000:100 விஷயம் பொருந்தும். எல்லோருக்கும் பொதுவான தரவை ஒரே இடத்தில் வைத்து ரீட்-ஒன்லியாக ஏற்றினால் ஆளுக்கொரு பிரதி சேராது. டிஸ்க் பாதி அதிலேயே மிஞ்சும். கன்டெய்னர் லாகுகளும் இயல்பாகச் சுழலாது: டீமன் கான்ஃபிக்கில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3. அது அதன்பிறகு உருவாகும் கன்டெய்னர்களுக்கு மட்டுமே பொருந்தும், எனவே ஹப்பையும் பிராக்ஸியையும் ரீஸ்டார்ட் செய்தால் போதாது, அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.

ஹோமை என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழிச் சேமிப்பு) வைக்கும் எண்ணம் வந்தால் ஒரு எச்சரிக்கை: ஐபைத்தான் தன் வரலாற்றை ஹோமில் ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் எழுதுகிறது. என்எஃப்எஸ்ஸின் பூட்டுக்கும் எஸ்க்யூலைட்டுக்கும் ஆகாது. கெர்னல் தொடங்கிய இடத்திலேயே தொங்கும், லாகில் ஒன்றும் இருக்காது. ஹிஸ்டரிமேனேஜரின் ஹிஸ்ட் ஃபைலை :மெமரி: என்று மாற்றினால் எழுந்துவிடும்.

---

கூடுகட்டி எழுதியது:

பிராக்ஸியைப் பிரித்தபிறகு ஹப்பை மூன்றுமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், கெர்னல்கள் அசையவில்லை. முதலில் 503 வந்தது. நெட்வொர்க் வரியைப் பிராக்ஸிக்குப் போட மறந்ததுதான். 413ம் போயிற்று. டாக்கர் பதிப்பைப் பார்த்தேன், 20.10. வால்யூம் புரூன் வரி வாராந்திரக் கிரானிலேயே இருந்தது. எடுத்துவிட்டேன்.